மண்டபத்தைக் கழட்டியவர்

'ஒடைக்கிற முதலாளி' என்று யாராவது கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வராது. ஆனால் திருத்தாமல் விடமாட்டார். "ஒடைக்கலங்க. கழட்டுறேன்" என்பார். சிங்கள ஆட்கள் அவரைக் 'கடன முதலாளி' என்பார்கள். அதற்கும் அர்த்தம் அதேதான். அவர்களுக்கு அதே பதிலைச் சிங்களத்தில் சொல்லுவார்.

இரத்தினபுரி பஸ் நிலையத்திலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்குகிற தெருவில் அவருடைய கடை இருந்தது. பழைய வீட்டை இடிக்க நினைப்பவர்கள் அவரிடம் வருவார்கள். அவர் நான்கு ஆட்களோடு போய்க் கதவு, ஜன்னல், ஓடு, உத்தரம் என்று எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வந்து விற்பார். இடது கைச் சுண்டுவிரல் நகத்தை மட்டும் வெட்டாமல் வைத்திருந்தார். சாயம் பூசிய மரத்தை அந்த நகத்தால் தடவிக்கொண்டே போய், சாயத்துக்குள் மறைந்த ஆணித்தலையைக் கண்டுபிடிப்பார்.

அவர் கடையில் நான் கத்தரிக்கோலைப் பார்த்ததில்லை. சணல் கட்டிய பார்சல் வந்தால், ஆட்கள் காத்திருக்க, அந்த முடிச்சை உட்கார்ந்து அவிழ்ப்பார். பலாப்பழம் கொண்டுவந்து கொடுத்தால்கூட, எந்தப் பக்கம் பிரித்தால் சுளை கிழியாமல் வரும் என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அவர் மனைவி ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "இவரு சட்ட பட்டன் போட்ட வரிசையில கூட கழட்ட மாட்டாரு டீச்சர். கடைசியா போட்டதத்தான் மொதல்ல கழட்டுவாரு."

அதுதான் அவருடைய ஒரே சட்டம். ஒரு கட்டடத்தைக் கட்டினவன் கடைசியாக எதை வைத்தானோ, அதை முதலில் எடுக்க வேண்டும். அப்படியே பின்னோக்கிப் போனால் ஓர் ஆணிகூட வளையாது என்பார். கடைசியாக வைத்தது எது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் முழுவதும் கட்டடத்தைச் சுற்றி வருவார். ஆட்கள் நால்வரும் நிழலில் படுத்துக் கிடப்பார்கள். அந்த ஒரு நாளை யாராலும் குறைக்க முடியாது.

நான் நிவித்திகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துப் பாடசாலையில் தமிழும் சங்கீதமும் படிப்பிக்கிறேன். அப்போது எங்கள் பாடசாலை ஒரே நீளக் கட்டடம், தகரக் கூரை. எங்கள் பக்கத்தில் மத்தியானத்துக்கு மேல் அநேகமாக மழை. மழை தகரத்தில் விழத் தொடங்கினால் எதிரே நிற்கும் பிள்ளைக்கு நான் சொல்வது கேட்காது. பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, பழகிவிட்டது.

அந்த வருஷம் சிலர் பிள்ளைகளை விலக்கிக் கீழே டவுன் பக்கத்துச் சிங்களப் பாடசாலையில் சேர்த்தார்கள். ரப்பர் பால்வெட்டப் போகிற ஒரு தாய் என்னிடமே வந்து சொன்னார். "ஒங்க மேல கொற இல்ல டீச்சர். அங்க ஓட்டுக் கூர. டீச்சர் சொல்றது புள்ளைக்குக் கேக்குது." இன்னும் பத்துப் பிள்ளைகள் போனால் மேல் வகுப்புகளை மூடிவிடுவார்கள் என்று அதிபர் பயந்துகொண்டிருந்தார்.

பழைய சீலிங் தகடு ஏதாவது கிடைக்குமா என்று கேட்கத்தான் அவர் கடைக்குப் போனேன். கதையைக் கேட்டுவிட்டு அவர் தகடு எதையும் காட்டவில்லை.

"மழச் சத்தம் எப்பிடி இருக்கும்? மேலருந்து விழுதா, சுத்தி வருதா?" என்று கேட்டார்.

"சுத்தி வருதுங்க. தலைய வாளிக்குள்ள விட்ட மாதிரி."

"நீங்க பாட்டு டீச்சர்னு சொன்னீங்கல்ல?"

"ஆமாங்க."

"எனக்குப் பாட்டுத் தெரியாது. பிடிக்கவும் பிடிக்காது. கோவிச்சுக்காதீங்க. ஆனா எனக்குத் தெனம் ஒரே பாட்ட ஒரே மாதிரி பாடுற ஆள் ஒன்னு வேணும். பழைய ஹோல கழட்ட எடுத்திருக்கேன். ஸ்கூல் விட்டு ஒரு மணித்தியாலம் வந்துட்டுப் போங்க. அந்த சீலிங்க ஒங்களுக்குத் தாறேன்."

பழைய ஹோலைத் தெரியாதவர்கள் டவுனில் இல்லை. ஒரு மாணிக்க வியாபாரி கட்டிய இசை மண்டபம் அது. கொழும்பில் வெள்ளைக்காரர்களின் கச்சேரி ஒன்றைக் கேட்டுவிட்டு வந்து, நமது ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று கட்டினாராம். வரைபடம் போட்டவர் ஒரு வெள்ளைக்கார என்ஜினியர் என்று சொல்வார்கள். வெள்ளம் ஏறாதபடி உயரமான அத்திவாரம். வாசலுக்கு ஏற பன்னிரண்டு படி. முன்னால் சுண்ணாம்பு பூசிய நான்கு தூண்கள். உள்ளே அரைவட்டமாக ஒரு மேல்தட்டு, அதற்கு ஒரு முறுக்குப் படிக்கட்டு. இரண்டு பக்கமும் மரச்சட்டம் அடுக்கிய வளைவு ஜன்னல்கள். மேலே, கவிழ்த்த தோணி மாதிரி பலகையால் செய்த சீலிங்.

அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்கள் அந்தப் பன்னிரண்டு படியோடு சரி. பிறகு தடை ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் போகிற பழக்கமும் எங்களுக்கு வரவில்லை. கச்சேரி நின்றது, படம் ஓடியது, தேர்தல் கூட்டம் நடந்தது, துணி மலிவு விற்பனை நடந்தது, கடைசியில் வௌவால்தான் மிச்சம். வியாபாரியின் பேரன் கொழும்பில் இருந்தார். அவருக்கு அந்த இடத்தில் கடைத்தொகுதி கட்ட வேண்டும்.

நான் அந்த மண்டபத்துக்குள் முதல்முறை கால் வைத்தது அதைக் கழற்றத் தொடங்குவதற்கு முதல் நாள்.

கதிரைகள் ஏற்கெனவே போய்விட்டன. முதலாளி என்னை மேடையில் நிற்கச் சொல்லிவிட்டு, மேல்தட்டுக்குக் கீழே கடைசி மூலையில் போய் நின்றார். தரையில் சோக்கட்டியால் இரண்டு பாதம் வரைந்து, அதன்மேல் தன் காலை வைத்துக்கொண்டார். எதைப் பாடுவது என்று தெரியாமல் நான் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லிக் கொடுக்கும் சரளி வரிசையைப் பாடினேன். ஸ-வில் தொடங்கி மேலே போய், மெதுவாக இறங்கினேன்.

என் குரல் என்னை விட்டுப் போய், அந்தத் தோணிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, முழுசாக என்னிடம் திரும்பி வந்தது. பதினைந்து வருஷம் பாடியிருக்கிறேன். என் குரல் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கீழ் ஸ-வை இன்னொரு தரம் பாட வேண்டும் போல இருந்தது. வெட்கத்தில் பாடவில்லை.

"சரிங்க. நாளைக்கும் இதையே பாடுங்க" என்றார். பாராட்டு ஒன்றும் இல்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. தினம் பாடசாலை விட்டதும் பஸ் ஏறி வருவேன். அன்று எதைக் கழற்றியிருக்கிறார்கள் என்று எனக்குச் சொல்லமாட்டார். பாடி முடித்ததும் கேட்பார். "இன்னிக்கு என்னா போச்சு?"

கதவும் ஜன்னலும் போன நாளில் பாட்டு பாதி ஆற்றுப் பக்கம் போய்விட்டது. மேல்தட்டையும் படிக்கட்டையும் எடுத்த நாளில் குரல் பின்னால் போய் மோதித் திரும்பியது. "ஒரு வார்த்த ரெண்டாக் கேக்குது" என்றேன். அவர் பென்சிலால் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். ஒரு நாள் எனக்குச் சளி. பாடி முடித்ததும், "இத எழுத ஏலாது. தொண்ட கட்டியிருக்கு. நாளைக்குத் தொண்டய சரி பண்ணிட்டு வாங்க, அதுவரைக்கும் வேலைய நிப்பாட்டுறேன்" என்றார். உண்மையில் நிறுத்தினார். எனக்குக் கோபம் வந்தது. பஸ்ஸுக்குள் சிரிப்பும் வந்தது.

"எதுக்கு இதெல்லாம்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பலகைய ஒங்களுக்குக் குடுத்துட்டா போதுமா? எந்தப் பலக என்னா வேல செஞ்சிச்சுன்னு தெரியாம அங்க மாட்டினா, அது வெறும் பலகதான்."

பிறகு வேலை சீலிங்குக்கு வந்தது. அவர் மேடைப் பக்கத்திலிருந்து தொடங்கி மூன்று பலகைகளை இறக்கியிருந்தார். மூன்றாவதை அடுத்த பலகையோடு கோக்கிற நாக்கு கொஞ்சம் பிளந்திருந்தது. அதனால் அவர் முகம் சரியில்லை. நான் வந்ததும் பலகைகளைக் கவிழ்த்துக் காட்டினார். ஒவ்வொன்றின் பின்பக்கமும் உளியால் வெட்டிய எழுத்து.

"க, உன்னு இருக்கு. மூணாவது என்னான்னு வெளங்கல. யாரோ அவங்க பேர வெட்டியிருக்காங்க போல" என்றார்.

இன்னும் மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். சாரத்தில் ஏறிய ஆள், பலகை இடுக்கில் டோர்ச் அடித்து ஒவ்வொன்றாகக் கத்தினான். "ச... ரு... சு... எ... அ..."

"இது பேர் இல்லீங்க" என்றேன். "நம்பர். பழைய தமிழ் நம்பர். இது ஒன்னு, இது ரெண்டு. ச-ன்னா நாலு, ரு-ன்னா அஞ்சு."

அவர் அந்தப் பலகையின் எழுத்தை நகத்தால் தடவினார். பிறகு கேட்டார். "அப்ப இந்த சீலிங்க செஞ்சது நம்ம ஆளுங்களா?"

"தமிழ்ல எண்ணத் தெரிஞ்ச தச்சு பாஸ்மாரு. அது நிச்சயம்."

எங்கள் அப்பா, அந்தப் பன்னிரண்டு படிக்கு மேல் ஏறாதவர், அப்போது உயிரோடு இருந்தார். அன்று வீட்டுக்குப் போய் அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

முதலாளிக்கு வேறொரு யோசனை. "மேடைப் பக்கம் ஒன்னுன்னா, கடைசிப் பலக வாசப் பக்கம். நான் தப்பான பக்கத்துலருந்து ஆரம்பிச்சிருக்கேன்" என்றார். அடுத்து அவர் செய்ததை ஆட்களால் நம்ப முடியவில்லை. கழற்றிய மூன்று பலகையையும் மறுபடி இருந்த இடத்தில் மாட்டச் சொன்னார். இடிக்கப் போகிற கட்டடத்தில் சீலிங்கைப் பூட்டுகிறார்கள் என்று தெருவில் கூட்டம் கூடிச் சிரித்தது. அவர் மாட்டி முடித்து, வாசல் பக்கம் போய், கடைசி நம்பரிலிருந்து தொடங்கினார். அதற்குப் பிறகு ஒரு பலகையும் பிளக்கவில்லை.

கட்டடத்தில் மட்டும் அல்ல, எதிலும் அவர் அப்படித்தான். அவருடைய மகளுக்குக் கேகாலைப் பக்கம் சம்பந்தம் பேசி நிச்சயம் செய்த பிறகு, மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். சொந்தக்காரர்கள் வேன் பிடித்துப் போய்ச் சண்டை போடத் தயாராக நின்றார்கள். அவர் யாரையும் கூட்டிப் போகவில்லை. அவர்கள் கடைசியாகக் கொடுத்தது ஒரு குடை. மழையில் மகள் நனைந்ததைப் பார்த்துக் கொடுத்தது. முதலில் அதைத் திருப்பிக் கொடுத்தாராம். பிறகு சேலை, பிறகு தட்டு, கடைசியாக நிச்சயத் தாம்பூலம். ஒவ்வொன்றையும் கொடுக்கும்போது அது தந்த நாளில் அவர்கள் நன்றாக நடந்துகொண்டதற்கு நன்றி சொன்னாராம். பிறகு அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தபோது, முதல் மாப்பிள்ளையின் அப்பா வந்து பந்தியில் பரிமாறினார். முதலாளியின் மனைவி இதைச் சொல்லிவிட்டு, "எனக்கு அப்ப இவர் மேல ஆத்திரந்தான் டீச்சர். ஒரு வார்த்த திட்டியாவது இருக்கலாம்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இப்போது தோன்றவில்லை.

கூரை ஓடுகளையும் இறக்கிய பிறகு மண்டபம் நான்கு சுவரும் மேடையுமாக நின்றது. பேரன் கொடுத்திருந்த நாள் முடிந்துவிட்டது. சுவரைத் தள்ள பெக்கோ இயந்திரம் ஒன்று வாசலில் வந்து நின்றது. அன்றைக்குத்தான் மேடைப் பலகையைக் கழற்றினார்கள். அடியில் மணல். மணலுக்குள், வாய் மேலே பார்த்தபடி, வரிசை வரிசையாகப் பானைகள். இருபத்தொரு பானை. உள்ளே தூசியும் செத்த பூச்சியும் தவிர ஒன்றும் இல்லை.

ஆட்கள் புதையல் என்று நினைத்து வெறும் பானையைப் பார்த்ததும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மணலில் முழங்காலிட்டு ஒரு பானையின் வாய்க்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, "ஓ" என்றார். பானை திருப்பிச் சொன்னது. அவர் என்னைப் பார்த்தார். கீழ் ஸ எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது விளங்கியது.

பேரன் மாத்தயா பத்து மணிக்கு வந்தார். இளவயது, மரியாதையானவர். ஆனால் அவசரத்தில் இருந்தார். "முதலாளி, ஏற்கெனவே ஒரு கிழமை பிந்திவிட்டது. பானைக்காக மெஷினை நிறுத்தி வைக்க முடியாது" என்று சிங்களத்தில் சொன்னார்.

"பொட்டாக் இன்ன, மாத்தயா" என்றார் இவர். கொஞ்சம் பொறுங்கள் ஐயா என்று அர்த்தம். பிறகு அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், சோக்கட்டியால் வரைந்த அந்தப் பாதங்கள்மேல் நிற்க வைத்தார். மேடைப் பலகைகளைப் பானைகளின் மேல் மறுபடி பரப்பச் சொன்னார். நான் ஏறி நின்று சரளி வரிசையைப் பாடினேன். கூரை இல்லாத மண்டபம்தான்; ஆனால் கீழ் ஸ்வரங்கள் காலுக்கடியிலிருந்து எழும்பி வந்தன.

பிறகு பலகையை நீக்கி, ஒவ்வொரு பானையின் வாயையும் சாக்கால் அடைத்தார். பலகையைப் பரப்பினார். "இப்பப் பாடுங்க டீச்சர்."

பாடினேன். அதே பாட்டு, அதே குரல். ஆனால் சந்தையில் நின்று பாடுவது போல இருந்தது. கீழ் ஸ வாயிலிருந்து விழுந்து அங்கேயே கிடந்தது.

"இன்னொரு தரம், சாக்கு இல்லாமல்" என்றார் பேரன். மறுபடி பாடினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இது இங்கே இருப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது" என்று மட்டும் சொன்னார். வாசலுக்குப் போய் இயந்திரக்காரரோடு பேசினார். பெக்கோ திரும்பிப் போனது. இவருக்கு மூன்று நாள் கிடைத்தது. தாத்தாவின் ஞாபகத்துக்கு ஒரு பானை வேண்டும் என்று பேரன் கேட்டார். இவர் இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தார்.

அவர் கையால் ஒரு பொருள் உடைந்து நான் பார்த்தது ஒரே தடவை. மறுநாள், மழை வரப்போகிறது என்று அவசரமாக மணலைத் தோண்டும்போது, கடைசி வரிசையில் ஒரு பானையை அலவாங்கின் இரும்பு முனை தட்டிவிட்டது. சின்னச் சத்தம்தான். அவர் அலவாங்கைப் போட்டுவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். யாரும் பக்கத்தில் போகவில்லை. அரைமணி நேரத்துக்குப் பிறகு நான் போய் உட்கார்ந்தேன். உடைந்த பானை ஓட்டின் உள்பக்கத்தில், குயவர் விரலை அழுத்தி இழுத்த தடம் வளையம் வளையமாக இருந்தது. அவர் தன் விரலை அந்தத் தடத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது ஒடஞ்சிருக்காட்டி இத பாத்திருக்க மாட்டோம்" என்று அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன்.

"பாக்காம இருந்திருக்கலாம் டீச்சர்" என்றார்.

அந்தப் பேச்சு எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆறுதலுக்கு ஒரு பொய்யைக்கூட எடுத்துக்கொள்ளத் தெரியாத மனிதர்.

மிச்சம் பத்தொன்பது பானையும், சீலிங் பலகையும், மேடைப் பலகையும் லொறியில் எங்கள் தோட்டத்துக்கு ஏறின. தோட்டத்துத் துரை அனுமதி கொடுத்தார். அதிபர்தான், பழைய பலகையில் கரையான் இருக்கும் என்று தயங்கினார். முதலாளி அதிபரின் மேசையில் ஒரு பலகையை வைத்து, நகத்தால் கீறிப் பார்க்கச் சொன்னார். அதிபர் கீறிப் பார்த்தார். பலகையில் கோடுகூட விழவில்லை. "பலா மரம் சார். நம்மளவிட கூட நாளைக்கு இருக்கும்."

பாடசாலை விடுமுறையில் வேலை நடந்தது. அங்கே பின்னோக்கிப் போனவர் இங்கே முன்னோக்கி வந்தார். முதலில் மணல், பானை, மேடை. பிறகு சீலிங், இந்த முறை ஒன்றாம் நம்பரிலிருந்து. எங்கள் கட்டடம் சிறியது. தோணி முழுசாக இறங்காது. கொப்பியைப் பார்த்து, எந்தெந்தப் பலகை சத்தத்துக்கு முக்கியம் என்று தெரிந்து, அவற்றைச் சீலிங்குக்கு ஒதுக்கி, மற்றவற்றைத் தகரத்துக்கு அடியில் இரண்டாவது தட்டாகப் பரப்பி, இடையில் தேங்காய்த் தும்பை அடைத்தார். தினமும் நான் பாடினேன். தினமும் கேட்டார். "இன்னிக்கு என்னா வந்துச்சு?" லயத்து வீடுகளில் இருக்கிற தோட்டத்து ஆட்கள் வேலை விட்டு வந்து பலகை தூக்கினார்கள். அவர்களில் இரண்டு பேருக்குச் சரளி வரிசை மனப்பாடம் ஆகிவிட்டது.

பாடசாலை தொடங்கிய இரண்டாம் நாள் பகல் மழை வந்தது. அவர் ஏணியில் நின்று மூலையில் கடைசிச் சட்டத்தை அடித்துக்கொண்டிருந்தார். நான் ஆறாம் வகுப்புக்கு வாசிப்புப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே சோவென்று மழை இறங்கியதும், பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகப் புத்தகத்தை மூடிக் கையைக் கட்டினார்கள்.

நான் சாதாரணக் குரலில் சொன்னேன். "ஏன் மூடுறீங்க? வாசிங்க."

யாரும் அசையவில்லை. பிறகு பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை, "டீச்சர் பேசுறது கேக்குதுடி" என்று பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னது. அவள் சொன்னது எனக்கும் கேட்டது. புத்தகங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அந்தப் பிள்ளையே எழுந்து வாசித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் ஏணியிலிருந்து இறங்கி, சுத்தியலை எடுத்துக்கொண்டு, பாடத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் பின்வாசலால் போய்விட்டார். மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்து போனதாகப் பாடசாலை வாட்சர் பிறகு சொன்னார்.

சிங்களப் பாடசாலைக்குப் போன பிள்ளைகளில் நான்கு பேர் அடுத்த வருஷம் திரும்பி வந்தார்கள். மூன்று பேர் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் விலகவில்லை. மேல் வகுப்புகள் இன்றும் நடக்கின்றன.

போன வெள்ளத்தில் களு கங்கை ஏறி டவுனுக்குள் வந்தது. தண்ணீரில் நின்று கடைச் சாமான்களை மேலே ஏற்றிய முதலாளிக்கு எலிக்காய்ச்சல் கண்டது. நான்கு நாளில் போய்விட்டார். செய்தி கேட்டு நான் மழையோடு டவுனுக்கு இறங்கினேன்.

சாவீட்டில் தகரப் பந்தலுக்குக் கீழே நிறையப் பேர். பாதிப் பேர் எனக்குத் தெரியாதவர்கள். நான் உட்கார்ந்திருந்த வாங்கில் ஒரு சிங்களப் பெரியவர் வந்து உட்கார்ந்து, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்கள்தானே பாட்டு டீச்சர்?" என்று சிங்களத்தில் கேட்டார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் ரம்புக்கனையிலிருந்து ரயில் ஏறி, பிறகு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மண்டபத்தின் முறுக்குப் படிக்கட்டு அவர் வீட்டில் இருக்கிறது. அதைக் கொடுத்தபோது முதலாளி அவரிடம், "சத்தம் டீச்சர் ஸ்கூல்ல இருக்கு. ஒங்ககிட்ட இருக்குறது ஹோலோட கால்" என்று சொன்னாராம்.

நாங்கள் பேசுவதைக் கேட்டு முன் வாங்கிலிருந்து இன்னொருவர் திரும்பினார். புளத்கொகுபிட்டியவில் கடை வைத்திருக்கும் தமிழர். ஆறு வளைவு ஜன்னலும் அவர் வீட்டில். அவருக்குப் பக்கத்தில் இருந்த வயதான ஆஸ்பத்திரித் தாதிக்கு வாசல் கதவு. மூவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஆனால் மற்றவர்களிடம் என்னென்ன இருக்கிறது என்று மூவருக்கும் தெரியும். சாமானைக் கொடுக்கும்போதெல்லாம், மற்ற சாமான் எங்கே போயிருக்கிறது என்று அவர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அந்தத் தாதிதான் எங்களில் மண்டபத்தைக் கச்சேரியோடு பார்த்த ஒரே ஆள். சின்ன வயதில் ஒரு கச்சேரிக்குக் கூட்டிப்போனார்களாம். "எப்படி இருந்தது?" என்று நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகக் கேட்டோம். அவர் வெட்கப்பட்டார். "நான் பாதியில் தூங்கிவிட்டேன் மகள். குளிர்ச்சியாக இருந்தது, அது மட்டும் ஞாபகம்" என்றார். சாவீடு என்பதை மறந்து சிரித்துவிட்டோம். முதலாளியின் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, எங்களை யாரென்று அடையாளம் கண்டு, ப்ளேன்டீ அனுப்பினார்.

டீ கொண்டுவந்தவர் வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர். நான்கு பேர், இரண்டு மொழி, ஒரே பேச்சு. அவருக்கு எங்களை எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை.

"நீங்கள்லாம் ஒன்னா வந்தீங்களா? மாமாவுக்கு எப்பிடிச் சொந்தம்?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் ரம்புக்கனைப் பெரியவர் தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் முந்திக்கொண்டார்.

"சொந்தம்தான். ஒரே பில்டிங்."

சொந்தக்காரர் விளங்காமல் என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றேன். "ஒரே கட்டடம்."